லோடு வண்டிக்கு எந்த டயர்? வரிக் குறைப்பு கையில் நிற்க வேண்டுமானால்...

டயர் மீதான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் குறைந்திருக்கிறது. டிராக்டர் டயர், டியூப்புக்கு 18 சதவீதமாக இருந்த வரி 5 சதவீதமானது. கார், லாரி, சிறிய சரக்கு வாகனங்களின் டயர்களுக்கு 28 சதவீதம் 18 ஆனது. டிராக்டர் வைத்திருப்பவருக்கு இது நல்ல லாபம். வரிக்கு முன் 16 ஆயிரம் ரூபாய் விலையுள்ள ஒரு பின்டயரை முன்பு 18,880 ரூபாய்க்கு வாங்கியிருப்பார். இப்போது 16,800 ரூபாய். ஒரே டயரில் 2,080 ரூபாய் மிச்சம்.

ஆனால் இன்றைய விவசாயத்தில் டிராக்டருக்கு இணையாக ஓடுவது லோடு வண்டி. குட்டி யானை, பிக்கப், தோஸ்த் என்று ஊருக்கு ஊர் பெயர் மாறினாலும் வேலை ஒன்றுதான். விடியற்காலை தக்காளியை ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் கொண்டுபோகும். திரும்பும்போது உரமூட்டையும் தீவனமும் ஏற்றி வரும். மாலையில் தோட்டத்துக்குள் போய் மறுநாள் சரக்கை ஏற்றும். இந்த வண்டியின் டயருக்கு, சொகுசு கார் டயருக்குப் போட்ட அதே 18 சதவீதம்தான். வரிக்கு முன் 5,000 ரூபாய் விலையுள்ள டயர் முன்பு 6,400, இப்போது 5,900. நான்கு டயருக்கு 2,000 ரூபாய் மிச்சம். போக்குவரத்து நிறுவனங்கள் கட்டிய வரியை உள்ளீட்டு வரிக் கழிவாகத் திரும்ப எடுத்துக்கொள்ள வழியுண்டு. ஜிஎஸ்டி பதிவில்லாத விவசாயிக்கு அது கிடையாது. கட்டிய வரி கட்டியதுதான். உழும் சக்கரத்துக்கு 5, விளைந்ததைச் சந்தைக்குக் கொண்டுபோகும் சக்கரத்துக்கு 18 என்பது ஏன் என்று விவசாய சங்கங்கள் கேட்க வேண்டிய நேரம் இது.

அந்தக் கேள்வி ஒருபுறம் இருக்கட்டும். கிடைத்த 2,000 ரூபாயாவது கையில் நிற்குமா என்பது டயரைத் தேர்ந்தெடுப்பதில் இருக்கிறது. 'ஆல் டெரெய்ன்' என்ற பெயரில், கட்டம் கட்டமாகப் பட்டன் வைத்த முரட்டு டயர்கள் முன்பு ஜீப் பிரியர்களோடு நின்றிருந்தன. இப்போது கிராமப்புறக் கடைகளிலும் அவற்றைப் பரிந்துரைக்கிறார்கள். "எந்தக் காட்டுக்குள்ளும் போகலாம், சிக்காது" என்கிறார்கள். பார்த்தால் வாங்கத் தோன்றும். நம் வண்டிக்கும் நம் மண்ணுக்கும் அது பொருந்துமா என்பதுதான் விஷயம்.

முதலில் எடை, பிறகுதான் பட்டன்

டயர் வாங்கும்போது பெரும்பாலோர் முதலில் பார்ப்பது பட்டனின் ஆழத்தை. பார்க்க வேண்டியது பக்கவாட்டில் எழுதியிருப்பதை. குட்டி யானை வகை வண்டியில் '145 ஆர்12 எல்டி 8பிஆர்' என்றிருக்கும். 145 என்பது மில்லிமீட்டரில் அகலம். ஆர் என்றால் ரேடியல். 12 என்பது ரிம்மின் அங்குல அளவு. எல்டி என்றால் இலகு சரக்கு வாகனத்துக்கென்று செய்தது. 8பிஆர் என்பது அதன் வலுவைக் குறிக்கும் அளவுகோல். அதையடுத்து 86/84 என்பதுபோல ஒரு எண் இருக்கும். அதுதான் சுமை எண். 86 என்றால் ஒரு டயர் 530 கிலோ தாங்கும்; 90 என்றால் 600; 97 என்றால் 730; 100 என்றால் 800 கிலோ. சாய்கோட்டுக்குப் பின்னால் உள்ள எண் இரட்டைச் சக்கரம் போட்ட வண்டிக்கானது.

ஆல் டெரெய்ன் டயர்களில் பல, எஸ்யூவி என்கிற ஆள் ஏறும் வண்டிகளுக்காகச் செய்யப்பட்டவை. அவற்றில் 'எல்டி' என்ற எழுத்தே இருக்காது. வெளியே முரடாகத் தெரிந்தாலும் உள்கட்டு சரக்கு வண்டிக்கானதல்ல. பிக்கப்பின் ரிம்மில் உட்கார்ந்துவிடும் என்பதற்காக அதைப் போட்டுக்கொண்டு ஒன்றரை டன் வெங்காயம் ஏற்றினால் என்ன ஆகும் என்பதை மே மாத மதியத்தில் நெடுஞ்சாலையில் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கும். வண்டியோடு வந்த டயரின் சுமை எண்ணுக்குக் கீழே ஒரு எண்கூடக் குறையக் கூடாது. எல்டி வகையில் அந்த அளவுக்கு ஆல் டெரெய்ன் பட்டன் கிடைக்காவிட்டால், அந்த வண்டிக்கு ஆல் டெரெய்ன் இல்லை என்றுதான் பொருள். குட்டி யானையின் 12 அங்குல ரிம்முக்கு நிலைமை பெரும்பாலும் இதுவே. 15 அங்குல ரிம் உள்ள பிக்கப்புகளுக்குத்தான் தேர்வு செய்ய ஓரளவு இடமுண்டு.

சுமை என்று வந்துவிட்டதால் நம் பக்கத்துத் தவறையும் சொல்லியாக வேண்டும். முக்கால் டன் வண்டியில் ஒன்றரை டன் ஏற்றுவது பழக்கமாகிவிட்டது. வண்டியின் சொந்த எடையில் 400 கிலோ பின் அச்சில் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஏற்றிய 1,500 கிலோவில் 1,200 கிலோ பின்னால் உட்காரும். மொத்தம் 1,600. இரண்டு பின்டயர்களும் சேர்ந்து தாங்குவது 1,060. தயாரித்தவரே எழுதிக்கொடுத்த வரம்பைப்போல ஒன்றரை மடங்கு! இதற்குப் பிறகு டயர் சரியில்லை என்று கடைக்காரரிடம் சண்டை போட முடியாது. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தில் அதிக பாரத்துக்கு 20 ஆயிரம் ரூபாய் அபராதம், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய் தனி. டயர் செலவே பரவாயில்லை என்று ஆகிவிடும்.

எத்தனை கிலோமீட்டர் மண்ணில்?

டயர் கடைக்குப் போவதற்கு முன், ஒரு வாரம் வண்டி ஓடிய தூரத்தைக் குறித்துப் பாருங்கள். தோட்டத்திலிருந்து தார்ச்சாலைக்கு ஒன்றரை கிலோமீட்டர், அங்கிருந்து மார்க்கெட்டுக்கு 25 கிலோமீட்டர் என்பதுதான் பல ஊர்களில் நிலவரம். அதாவது நூற்றில் 90 பங்குக்கு மேல் தாரில் ஓடுகிற வண்டி. இதற்கு முரட்டுப் பட்டன் போட்டால் தாரில் சத்தம் வரும், மழையில் பிரேக் பிடிக்கும் தூரம் கூடலாம், டீசலும் சற்று அதிகம் குடிக்கும். ஆண்டுக்கு 8,000 கிலோமீட்டர் ஓடும், லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுக்கும் வண்டி என்றால் சுமார் 533 லிட்டர் செலவாகும். டயரின் இழுவையால் மூன்று சதவீதம் கூடினாலே 16 லிட்டர். லிட்டர் 92 ரூபாய் என்று போட்டால் 1,470 ரூபாய். வரிக் குறைப்பில் கிடைத்த 2,000 ரூபாயில் முக்கால் பங்கு ஒரே ஆண்டில் புகையாகப் போய்விடும்.

இதை வைத்து ஆல் டெரெய்னே வேண்டாம் என்று சொல்லிவிட முடியாது. தோட்டத்துக்குள்ளேயே தங்கி, சரளைப் பாதையிலும் ஓடையிலும் நாள்தோறும் பத்து நடை அடிக்கும் வண்டிகள் உண்டு. தென்னந்தோப்பு, கல்குவாரிப் பக்கத்துப் புன்செய், மலையடிவாரத்து மாந்தோப்பு ஆகியவற்றில் ஓடும் வண்டிக்கு அந்தச் செலவு தகும். நடுத்தரமான ஏற்பாடு ஒன்றும் நம் லாரிக்காரர்களிடம் நெடுங்காலமாக இருக்கிறது. முன்சக்கரத்துக்கு நீளக்கோடு போட்ட ரிப் டயர், பின்சக்கரத்துக்கு ஓரத்தில் கட்டைப் பட்டன் வைத்த செமி லக். குட்டி யானை, பிக்கப் போன்றவை பின்சக்கரத்தில் இழுவை உள்ள வண்டிகள். சேற்றில் தள்ள வேண்டியது பின்சக்கரம். திரும்பவும் நிற்கவும் முன்சக்கரம். எனவே வாரம் நாலைந்து நாள் மண்ணில் இறங்கும் வண்டிக்கு, நான்கிலும் ஆல் டெரெய்ன் போடுவதைவிட இதுவே பெரும்பாலும் போதும். ஒரே அச்சில் இருபக்கமும் ஒரே வகை இருக்க வேண்டும். ரேடியலையும் நைலானையும் ஒரே வண்டியில் கலக்கக் கூடாது.

கரிசலும் முள்ளும்

ஆல் டெரெய்ன் டயர் ஏமாற்றும் இடம் கரிசல். கோவில்பட்டி, சாத்தூர், கமுதிப் பக்கத்து விவசாயிகளுக்கு விளக்க வேண்டியதில்லை. ஒரு மழை பெய்த கரிசல் களிம்புபோல ஒட்டும். கட்டம் கட்டமாக நெருங்கிய பட்டனின் இடுக்குகளில் மண் நிரம்பி இறுகிவிட்டால், பத்தடிக்குள் புது டயரும் மொட்டை டயராகிவிடும். அந்த மண்ணில் சுற்றும்போதே சேற்றை உதறித் தள்ளும், இடைவெளி அதிகமான லக் பட்டன்தான் ஓரளவு உதவும். அதைப் போட்டால் தாரில் சீக்கிரம் தேயும். உண்மையில் நனைந்த கரிசலுக்கு எந்த டயரும் மருந்தல்ல. மேல்மண் காயும்வரை வண்டியைச் சாலையில் நிறுத்திவிட்டு, சரக்கை டிராக்டரில் வெளியே கொண்டுவருவதுதான் அங்கே நெடுநாள் வழக்கம்.

டயரின் பக்கத்தில் 'எம்+எஸ்' என்று எழுதியிருப்பதைக் காட்டி, சேற்று டயர் என்று விற்பவர்களும் உண்டு. சேறும் பனியும் என்பதன் சுருக்கம் அது. பட்டனின் வடிவத்தை வைத்துத் தயாரிப்பாளரே போட்டுக்கொள்ளும் குறி. கரிசலில் ஓட்டிப் பார்த்துக் கொடுத்த சான்றிதழ் அல்ல.

கரிசலைவிட அதிக டயர்களைத் தின்பது முள்தான். சீமைக்கருவேல முள் காய்ந்து கிடந்தால் ஆணிக்குச் சமம். அதைவிட மோசம், அறுவடைக்குப் பிறகு நிற்கும் கட்டைகள். பருத்தி, துவரை மாரைச் சரிவாக வெட்டிவிட்ட நிலத்தில் நிற்பது ஈட்டி முனை. கரும்புக் கட்டையும் அப்படியே. பட்டன் பகுதியில் குத்தினால் பஞ்சர் கடையில் சரிசெய்துகொள்ளலாம். பக்கவாட்டில் கிழித்தால் அந்த டயர் அத்தோடு முடிந்தது. ஒட்டுப்போட்டு ஓட்டுவது உயிரோடு விளையாடுவது. எனவே முள்நிலத்தில் ஓடும் வண்டிக்கு வாங்கும்போது கேட்க வேண்டியது, "பட்டன் எத்தனை மில்லிமீட்டர்" என்பதல்ல. "பக்கச்சுவரில் எத்தனை அடுக்கு, ஓரத்தில் ரப்பர் காப்பு உண்டா" என்பதே. நல்ல ஆல் டெரெய்ன் டயரில் நாம் காசு கொடுப்பதற்கு உரிய அம்சம் இதுதான். பட்டன் வெறும் தோற்றம் என்றுகூட நான் சொல்வேன்.

முள்ளுக்கு டியூப்லெஸ் நல்லது. முள் ஏறினாலும் காற்று மெல்லத்தான் இறங்கும், வீடு வந்து சேரலாம். டியூப் உள்ள டயரில் உடனே உட்கார்ந்துவிடும். ரிம் நெளிந்த, துருப்பிடித்த பழைய வண்டிக்கு மட்டும் டியூப்லெஸ் ஒத்துவராது. விளிம்பில் காற்று கசிந்துகொண்டே இருக்கும்.

டெல்டாவில் இந்தச் சிக்கல்கள் குறைவு. அங்கே வண்டி வயலுக்குள் இறங்குவதில்லை. வாய்க்கால் கரையிலும் கொள்முதல் நிலையத்துக்குப் போகும் பாதையிலும்தான் சிக்குகிறது. அரை கிலோமீட்டர் களிமண் பாதைக்காக ஊரில் இருபது பேர் இருபது செட் முரட்டு டயர் வாங்குவதைவிட, அந்தப் பாதைக்குச் சரளை அடிக்கச் சொல்லி ஊராட்சியில் தீர்மானம் போடுவது மலிவு. மலைப் பகுதிகளில் இறக்கத்தில் பிரேக் சூடும் ஈரத்தார்ப் பிடிப்பும்தான் முக்கியம். நீலகிரியில் காய்கறி ஏற்றும் வண்டிக்கு ஈரப்பிடிப்புள்ள சாலை டயரே சரி.

தேய்வதற்குமுன் கிழடாகும் டயர்

நாள்தோறும் 300 கிலோமீட்டர் ஓடும் பார்சல் வண்டிக்கு "50 ஆயிரம் கிலோமீட்டர் ஓடும்" என்ற விளம்பரம் பொருள் தரும். நம் வண்டி ஆண்டுக்கு எட்டாயிரம் ஓடினால் 50 ஆயிரம் தொட ஆறு ஆண்டுக்கு மேல் ஆகும். அதற்குள் வெயிலில் நின்று நின்று பக்கச்சுவர் வெடித்துவிடும். மாங்காய் சீசன், கரும்பு சீசன் என்று ஆண்டில் பாதி நாள் மட்டும் ஓடும் வண்டிகளில் பட்டன் புதிதாகவே இருக்கும், ரப்பர் கட்டையாகியிருக்கும். அத்தகைய டயர்தான் சொல்லாமல் கொள்ளாமல் வெடிக்கும். டீசல், கிரீஸ் சிந்திய தரையில் நிறுத்துவதும் ரப்பரை அரிக்கும்.

ஆகவே வாங்கும்போதே வயதைப் பாருங்கள். பக்கவாட்டில் 'டிஓடி' வரிசையின் கடைசியில் நான்கு இலக்கம் இருக்கும். 3225 என்றால் 2025ஆம் ஆண்டின் 32வது வாரத்தில் தயாரானது. வரி குறைந்ததும் பழைய இருப்பைத் தள்ளுபடியில் தள்ளிவிடப் பார்ப்பார்கள். இரண்டு ஆண்டு கடையில் கிடந்த டயரை 300 ரூபாய் குறைவுக்கு வாங்குவது, நம்மைப்போல மெதுவாக ஓட்டுபவருக்கு நட்டம். ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். சரக்கு வாகன டயருக்கான தர எண் 15636. தேய்மானத்துக்கும் சட்ட எல்லை உண்டு. நான்கு சக்கர வண்டிக்குப் பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. பள்ளத்துக்குள் சிறு திட்டாக வைத்திருக்கும் அடையாளம் பட்டனோடு சமமாகிவிட்டால் மாற்றியாக வேண்டும்.

ரீபட்டன் போடலாமா என்று கேட்பார்கள். மூன்று ஆண்டுக்கு உட்பட்ட, பக்கச்சுவரில் வெட்டோ புடைப்போ இல்லாத டயருக்குப் போடலாம், பின்சக்கரத்தில் மட்டும். முன்சக்கரத்தில் வேண்டாம்.

காற்றைப் பற்றி ஒரு சொல். சேற்றில் சிக்கினால் காற்றைக் கொஞ்சம் இறக்கி வெளியே வருவது பலருக்கும் தெரிந்த வித்தை. டயர் அகன்று மண்ணைப் பரவலாக மிதிக்கும். அதைக் காலி வண்டியில் செய்யலாம். பாரத்தோடு செய்யக் கூடாது. வெளியே வந்ததும், தார்ச்சாலை ஏறும்முன் மறுபடி அடித்துவிட வேண்டும். அதற்கு, பேட்டரியில் ஓடும் சிறு பம்ப் ஒன்றும் காற்றளவு பார்க்கும் கேஜ் ஒன்றும் வண்டியில் இருக்கட்டும். இன்னொன்று: காலி வண்டிக்குப் பின்பாரம் இல்லாததால்தான் பின்சக்கரம் சேற்றில் சுழல்கிறது. நான்கு மணல்மூட்டையைப் பின்னச்சுக்கு மேலே போட்டுப் பாருங்கள். பல நாள்களில் புது டயரின் வேலையை அது செய்துவிடும்.

விலையை யார் தீர்மானிக்கிறார்கள்?

டயரின் முக்கிய மூலப்பொருளான இயற்கை ரப்பர், கன்னியாகுமரியிலும் கேரளத்திலும் நம்மைப்போன்ற ஒரு விவசாயி பால் வெட்டி எடுப்பது. 2024 ஆகஸ்டில் கோட்டயம் சந்தையில் நான்காம் தர ஷீட் கிலோ 247 ரூபாயைத் தொட்டது. அதுவரை காணாத உச்சம். அடுத்த ஆண்டில் 200க்கும் கீழே இறங்கியது. ஏற்றம் டயர் விலையில் தெரிகிற வேகத்தில் இறக்கம் தெரிவதில்லை என்பது ரப்பரை விற்பவரும் டயரை வாங்குபவரும் சேர்ந்து சொல்லும் குறை. 2020 ஜூனில் இருந்து பல வகைப் புது டயர்களின் இறக்குமதிக்குக் கட்டுப்பாடும் உள்ளது. உள்நாட்டுத் தொழிலுக்கு அது நல்லது. தமிழ்நாட்டுக்கும் நல்லது, அரக்கோணம், ஒரகடம், பெரம்பலூர், மதுரை என்று டயர் ஆலைகள் இங்கே நிறைய. ஆனால் வாங்குபவருக்குப் போட்டி விலை கிடைக்கிறதா என்பதை யாராவது கவனித்தாக வேண்டும். ஐந்து பெரிய டயர் நிறுவனங்கள் பேசிவைத்து விலை ஏற்றியதாக, இந்தியப் போட்டி ஆணையம் 2018இல் 1,788 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அந்த உத்தரவு 2022இல்தான் வெளியே வந்தது. நிறுவனங்கள் மேல்முறையீடு செய்தன. அதே ஆண்டு டிசம்பரில் தீர்ப்பாயம் வழக்கை மறுபடி ஆராயுமாறு ஆணையத்துக்கே திருப்பி அனுப்பியது. 2011-12ஆம் ஆண்டு விலையைப் பற்றிய ஒரு கேள்வி இத்தனை ஆண்டுகள் அலைந்துகொண்டிருக்கும்போது, வரிக் குறைப்பு முழுவதும் நம் கைக்கு வந்ததா என்று பார்ப்பது நம் வேலையாகிறது.

பார்ப்பதற்கு ஒரே வழி பில். "பில் இல்லாமல் என்றால் 400 குறைத்துக்கொள்ளலாம்" என்று கடையில் சொன்னால் மயங்க வேண்டாம். உற்பத்திக் குறைக்கான உத்தரவாதம் பில்லோடுதான் வருகிறது. வெட்டுக்கும் முள்ளுக்கும் உத்தரவாதம் இல்லை. பட்டன் பிரிந்து வருவது, காரணமின்றிப் பக்கம் புடைப்பது போன்றவற்றுக்கு உண்டு. பில்லில் டயரின் வரிசை எண்ணை எழுதச் சொல்லுங்கள். 18 சதவீத வரி தனியாகக் காட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். குறை வந்து கடைக்காரர் இழுத்தடித்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான கோரிக்கைக்குக் கட்டணம் இல்லை. "சரக்கு வண்டிக்கு வாங்கியது வணிகம், நீங்கள் நுகர்வோர் அல்ல" என்று எதிர்த்தரப்பு வாதிடக்கூடும். சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்த வாங்கிய பொருளை வணிக நோக்கமாகக் கருதக் கூடாது என்று சட்டத்திலேயே விளக்கம் இருக்கிறது. பட்டா, சிட்டா நகலும் மார்க்கெட் கமிஷன் சீட்டும் அப்போது உதவும், எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.